அத்திமரத்துப் பாத்தி

காலிப்,

பருப்புச் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். தோட்டக் குழுவில் இன்று உரம் பிரிக்கிறார்கள். இடுப்பு ஒடிகிறது, ஆனாலும் என் முறை, போகிறேன்.

"வாரத்துல ஒருநாள் வர்ற தண்ணி, அதையும் மண்ணுல கொட்டுறியா" என்று நீங்கள் கத்திய பிறகு நான் பாத்திப் பக்கமே போகவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

நேற்று ரொட்டிக்கடையில், பக்கத்துப் பாத்திக்காரி நுஹா பிடித்துக்கொண்டாள்: "உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். தொழுகைக்குக் கைகால் கழுவுன தண்ணிய வாளியில பிடிச்சு, தினம் என் கீரைக்கு ஊத்துறாரு. பாவம், உங்க கீரைதான் கருகிக் கிடக்கு."

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

விஜ்தான்

பி.கு.: அத்திமரத்துக்கு இடப்பக்கம் இருப்பது நுஹாவின் பாத்தி. நம்முடையது வலப்பக்கம்.