கழிப்பறைக்குள் வலைகள்

நவம்பர் 3, திங்கள்
தூறல். நாகலாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஏரிக்கரைக் குப்பம். மாமியாரிடம் விடும்போது பாப்பா அழுதது சூலூர்ப்பேட்டை வரை காதில்.

சித்திரையில் எங்கள் தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த ஆறு கழிப்பறைகளிலும் மீன் வலை. கதவே திறக்கவில்லை. சோப்பு, கை கழுவுதல் என்று அரைமணி நேரம் பேசினேன். பெண்கள் தலையாட்டினார்கள்.

கஸ்தூரியின் மகள் மீனாவுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. இரண்டு வயது, பாப்பா வயது. கண் குழிந்து கிடந்தாள். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கஸ்தூரி மேல் கோபம். கழிப்பறை இருந்தும் இப்படியா.

நவ. 4, செவ்வாய்
விடாத மழை. பாப்பா இரண்டு தடவை போனாள். தண்ணியாக இல்லை. ஆனாலும் பயம். என் கையோடு வந்ததோ? இவர், "ஊர்க் கொழந்தைய பாத்துக்கினு நம்ம கொழந்தைக்கு வாங்கினு வராத" என்றார். திட்டு இல்லை, அவருக்கும் பயம்.

சூப்பர்வைசர் போன். வியாழன் அதிகாரி வருகிறாராம். வலைகளை எடுத்துவிட்டு, "ரேப்பு ஃபோட்டோலு காவாலி." தெலுங்கில்தான் பேசுவார்: நாளைக்கே படம் வேண்டும். சரி என்றுவிட்டேன்.

வாங்க: சோப்பு 12, கரைசல் பாக்கெட், பாப்பாவுக்கு பிஸ்கட்.

நவ. 5, புதன்
மழை இல்லை. பாப்பா சரியாகிவிட்டாள். மீனாவும் வீட்டுக்கு வந்துவிட்டாள், கஞ்சி கேட்டாளாம். அப்பாடா.

வலையை எடுக்கச் சொன்னேன். கஸ்தூரி நகரவில்லை.

"அஞ்சு மாசம் நல்லாத்தான் போனோம்க்கா. மழ வந்ததும் குழில ஏரி பூந்துகிச்சி. அடிபைப்புத் தண்ணி நாறுது. பசங்க உள்ள போவக்கூடாதுன்னுதான் வலய போட்டு அடச்சோம்."

பிறகு மெதுவாக, "குழி தோண்டறப்பவே சொன்னேன், ஏரி இங்க வரும்னு. நீ டேப்பு புடிச்சிக்கினு இருந்த."

ஞாபகம் வந்தது. பைப்புக்கும் குழிக்கும் பத்து மீட்டர், படிவத்தில் டிக். ஏரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேர்க்கடலை விளையும் எங்கள் வறண்ட ஊரில் தண்ணீர் கீழேதான் போகும். மேலே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தண்ணீரைத்தான் மீனா குடித்திருக்கிறாள். நான் சோப்பு பற்றிப் பேசியிருக்கிறேன்.

படம் எடுக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, குழி இடம் என் தப்பு, பைப்பை மூட வேண்டும், டேங்கர் வேண்டும் என்றேன். நாளைக்கு அதிகாரியிடம் நீயே சொல் என்று போனை வைத்துவிட்டார். சொல்வேன்.

யாரும் அடிக்காதபடி பைப்புப் பிடியைப் பழைய வலைத் துண்டால் கட்டினோம். நான் போட்ட முடிச்சைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி அவிழ்த்து மறுபடி போட்டாள்.

புதுக் குழிக்கு இடம் கேட்டேன். டேப்பின் நுனியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்த தபா நீ இங்கயே நில்லு. நான் போய்க் காட்றேன்."

மழைக்குப் படகு இழுத்துவைக்கும் மேட்டைப் பார்த்து நடந்தாள். முப்பது மீட்டரில் டேப் முடிந்தது. நுனியைக் கீழே போட்டுவிட்டு இன்னும் நடந்தாள்.