லிஃப்ட்காரருக்கு அழுத அழுகை

மார்ச் 3

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். அத்தனை தூரம் தள்ளியிருக்கும் நீங்களும் நலமாக இருந்து, வெல்டிங் பட்டறையில் இன்னொரு சட்டையிலும் ஓட்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி துவைக்கிற என்னை நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்! இனிப் பிழைக்க மாட்டார் என்ற நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் எப்படிப் பேசுவதென்று இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி. நடிப்பில் எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் சாகக் கிடக்கிறார். நான் அவர் பெண்டாட்டி. நேற்று நான் அழுத அழுகையில் சொல்லிக்கொடுக்கும் டாக்டரம்மாவே மூக்கைச் சிந்தினார்.

உங்கள் நடிகை

மார்ச் 11

அடியே நடிகை,

எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "இதுக்கெல்லாமா படுப்பாங்க?" என்று போர்வையை உருவியவள் நீ. லிஃப்ட்காரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அவ்வளவு கண்ணீர்? மேலே போவதையும் கீழே வருவதையும் தவிர அவனுக்கு என்ன தெரியும்? அவன் கையைப் பிடித்தாயா? உண்மையைச் சொல்.

அந்த நடிப்பை விட்டுவிடு. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இங்கேயே கிடப்பேன்.

வயிறு எரியும் உன் நிஜப் புருஷன்

மார்ச் 19

என்னங்க,

பிடித்தேன். சில்லென்று இருந்தது. போதுமா?

விட மாட்டேன். நடந்ததைக் கேளுங்கள். மற்ற டாக்டர்கள் "தைரியமா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள், டாக்டரம்மா திட்டுவார். நேற்று வந்த தம்பி ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பேப்பரை ஊருக்கே கேட்கிற மாதிரி படிப்பார். என் காபியில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் தருவார். குளிக்கப் போனால் பாட்டு, அதுவும் பாதி வரி.

செத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து, "நான் எப்பம்மா பாடினேன்?" என்றார். அறையே சிரித்தது.

அந்தத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அவரைக் கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?" என்றார். அப்போது அழுதது நடிப்பில்லை.

கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள். நான் அழுவதற்கு இங்கே ஆள் படுத்திருக்கிறார்.

உங்கள் பெண்டாட்டி

மார்ச் 28

அடியே,

போடவில்லை. "ஏன்யா, சம்பளம் பத்தலையா?" என்று முதலாளி கேட்டார். "அதில்ல சார், ஊர்ல என் இடத்துல வேற ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான்" என்றேன். மனுஷர் பேந்தப் பேந்த விழித்தார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். வீட்டுக்கு அப்புறம், முதலில் ஆஸ்பத்திரிக்கு. உன் வகுப்பு எத்தனையாவது மாடியில் இருந்தாலும் சரி, லிஃப்டில் கால் வைக்க மாட்டேன். படியேறித்தான் வருவேன்.

உன் புருஷன்