கரண்ட் வாளும் என் மருமகனும்

1946 ஓகஸ்ட் 12, திங்கள்

மருமகன் ஏலத்தில் மரம் அறுக்கிற வாள் ஒன்று எடுத்து வந்திருக்கிறார். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரன் விட்டுப்போன சாமானாம். கரண்டில் ஓடுமாம். சைக்கிள் சங்கிலிக்குப் பல் முளைத்த மாதிரி ஒரு சங்கிலி, நீட்டுத் தகட்டைச் சுற்றி ஓடுகிறது. ஒரு பக்கம் மோட்டர், மற்றப் பக்கம் பிடி. தூக்க இரண்டு பேர் வேண்டும். மாலை போட்டு, லொறியில் நிறுத்தி, கொட்டாஞ்சேனை முழுக்கச் சுற்றிக் காட்டித்தான் மரம் அறுத்து விற்கும் எங்கள் மரக்காலைக்குள் இறக்கினார். என் மகள் ஜெகதீஸ்வரியின் கழுத்தில் தாலி கட்டிய அன்றுகூட மருமகன் நாகேந்திரத்தாரின் முகத்தில் இவ்வளவு சந்தோசம் இருக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புறக்கோட்டையில் இருந்து மஜீட் என்று ஒரு மெக்கானிக் வந்து வாளைப் பராமரிக்கும் விதம் காட்டினார். மருமகன் கேட்டாரா? படம் பிடிக்க வந்தவனுக்கு முன்னால் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். மரக்காலையில் வேலை செய்யும் இராமர் மற்றப் பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். கேட்டவள் நான் ஒருத்தி, குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று.

மஜீட் சொன்னது: "முதலாளி, சங்கிலியில கை வெக்க முந்தி வயரைச் செவத்துலேந்து கழட்டிடுங்க. சுவிச்சை நம்ப வேணாம். சங்கிலி தொங்கவும் கூடா, இறுகவும் கூடா. எண்ணெய் இல்லாம ஒரு நிமிசமும் ஓட்ட வேணாம். இந்தா, தகட்டுக்கு அடியில சின்ன ஓட்டை ஈக்குது, இதுதான் இதுட வாய். இதாலதான் எண்ணெய் குடிக்கும். வேல முடிஞ்சா ஈர்க்கால குத்தித் தூளை எடுங்க. வாய் அடைச்சா சங்கிலி காஞ்சி, சுட்டு, அறுந்து பாயும். கையுறை போடாமத் தொடவே வேணாம்."

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் காதில் ஒருக்கால் விழுந்தது வெளியே போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

ஓகஸ்ட் 13

வாளின் வாய் நிறையத் தூள். மருமகன் குத்தவில்லை.

ஓகஸ்ட் 19

எங்கள் வீட்டு வழக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் முன் அறையில், நான் குசினியில். நடுவில் ஜெகதீஸ்வரி தந்திக் கம்பம் மாதிரி. இன்றைக்கும் அப்படித்தான் தந்தி அடித்தேன்.

"பிள்ளை, வயரைக் கழட்டிப்போட்டுச் சங்கிலியைத் தொடச் சொல்லு."

பதில் வந்தது: "உன்ரை அம்மாவைப் புட்டை அவிக்கச் சொல்லு."

அவித்தேன். தின்றார். இந்தப் பேச்சைப் பழையதோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். கலியாணத்தன்று நான் சுட்ட அரியதரப் பணியாரத்தைக் கடித்துப் பார்த்து, சபையில் வைத்து "கல்லு" என்றவர் இவர். எட்டு வருசம் ஆகிறது. அந்தத் தட்டின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தது.

செப்டெம்பர் 3

வாளுக்கு எண்ணெய் முடிந்து விட்டதாம். கடைக்குப் போக நேரமில்லையாம். என் தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து ஊற்றியிருக்கிறார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் ஒரு போத்தல் நல்லெண்ணெய்! வாளுக்கு இப்போது நல்ல குளிர்ச்சியாக இருக்கும். என் தலைதான் கொதிக்கிறது.

செப்டெம்பர் 11

வயரின் தோல் கிழிந்து உள்ளே செம்பு தெரிகிறது. மருமகன் அதற்குப் பழைய வேட்டிக் கரையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார், காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி. பின்னேரம் மழை. இராமர் வயரைத் தூக்கினான், துள்ளிப்போய் மரத்தூளில் விழுந்தான்.

"சின்னக் கடிதான், நுளம்பு மாதிரி," என்றார் மருமகன். கடி வாங்கியவர் அவர் இல்லையே!

இராமர் கையை உதறிக்கொண்டு சொன்னான்: "இந்த நுளம்பு ஒங்களையும் ஒரு வாட்டி கடிக்கட்டுங்க முதலாளி, அப்ப தெரியும்."

அவனுக்கு ஒரு கோப்பை கோப்பி கூடுதலாகக் கொடுத்தேன்.

செப்டெம்பர் 12

இன்று தொடக்கம் எனக்கும் மரக்காலையில் ஒரு உத்தியோகம். மருமகன் தேத்தண்ணிக்கு உள்ளே வந்ததும் பின் கதவால் போய், குடைப் பிடியால் வயரைக் கொளுவி இழுத்துக் கழற்றி விடுகிறேன். சம்பளம் இல்லை.

செப்டெம்பர் 20

பிடிபட்டேன். இல்லை, நானாகத்தான் அகப்பட்டேன். வயர் கழன்று கிடக்கும் ஒவ்வொரு முறையும் மருமகன் இராமரைத்தான் ஏசி வந்தார். நானும் பேசாமல் இருந்தேன். இன்றைக்கு அவனை வேலையால் நிற்பாட்டப் போகிறேன் என்று கத்தினார்.

"நான் தொடவே இல்லீங்க, முதலாளி. சாமி சத்தியமா!"

அதற்குமேல் குசினிக்குள் நிற்க முடியவில்லை. எட்டு வருசத்தில் முதல் தரம் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் கழட்டினனான்! உமக்கொண்டு நடந்தால் என்ரை பிள்ளையின்ரை கழுத்து வெறுங்கழுத்து. அதுக்குத்தான் கழட்டினனான். உம்மிலை உள்ள பட்சத்திலை இல்லை!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னார்: "என்ரை சாமானிலை உன்ரை அம்மா இனிக் கை வைச்சால், உன்னைக் கூட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போயிடுவன். மனிசி இஞ்சை தனியக் கிடக்கட்டும்."

ஜெகதீஸ்வரி அழுதாள். என்ன செய்ய? மரக்காலை என் மனிசன் உண்டாக்கியது, சீதனமாக அவருக்குப் போனது. மகளும் அப்படியே போனவள்தான். இனிக் குடையை மழைக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும்.

செப்டெம்பர் 21

தொடவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயர் கழற்றாமல் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒருக்கால் இல்லை, பல தரம். ஒவ்வொரு தரமும் நான் என் மகளின் கழுத்தைத்தான் பார்த்தேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

ஆயுத பூசை. இன்று ஆயுதம் எதையும் தொடக்கூடாது. மருமகனின் பத்து விரலுக்கும் ஒருநாள் லீவு.

பூசை ஒழுங்கு என் பொறுப்பு. அதில் கை வைக்க அவருக்கும் துணிவில்லை. கோடரி, உளி, அரம் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, நடுவில் கரண்ட் வாளை வைத்தோம். வயர் கழற்றித்தான். அம்மாள் புண்ணியத்தில் இன்றைக்காவது! சந்தனம் நானே அரைத்தேன். கடைச் சந்தனம் போல நீர்ச் சந்தனம் இல்லை, களியாக. மோட்டருக்குப் பொட்டு, பிடிக்குப் பொட்டு, தகட்டுக்குப் பொட்டு. அந்த மஜீட் சொன்ன வாய், யாரும் கவனிக்காமல் விட்ட வாய், அதற்குத்தான் பெரிய பொட்டு. பெருவிரலால் அழுத்தி, அதன்மேல் குங்குமம். யார் பார்க்காவிட்டாலும் உன்னை நான் பார்க்கிறேன் என்று அதற்குச் சொல்லியும் வைத்தேன்.

மனதாரக் கும்பிட்டேன். மருமகனுக்காக என்று எழுத மாட்டேன்.

ஒக்டோபர் 5, சனி

எழுதாமல் விட்டால் நித்திரை வராது.

நல்ல நேரம் பார்த்துப் பூசை வாளை ஓட்ட வேண்டும். மருமகன் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். நேற்று முழுக்க ஜெகதீஸ்வரி போடச் சொல்லி அழுத அழுகைக்குத்தான். பகிடி பண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். வயரைக் கழற்றிக் குசினிப் பக்கம் தூக்கிக் காட்டினார். புதுத் தகர எண்ணெய் உடைத்து, வாளின் எண்ணெய்த் தொட்டியில் வழிய வழிய ஊற்றினார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். "உன்ரை அம்மாவைக் கேள், பாஸோ பெயிலோ எண்டு!" என்றார். இராமரும் சிரித்தான். எனக்கும் — சரி, எனக்கும் சிரிப்பு வந்தது.

வயரைக் கொளுவி, பலாக் குற்றியில் வைத்தார்கள். புகை வந்தது. நான் சாம்பிராணி என்று நினைத்தேன். கடவுளே, சாம்பிராணி எண்டெல்லோ நினைச்சன்! சங்கிலி கத்திச்சுது, அறுந்து பாஞ்சுது. அவர் கையாலை முகத்தை மறைச்சார். கையுறை கிழிஞ்சு, முழங்கை வரைக்கும் ரத்தம். "அம்மா!" எண்டு கத்தினது ஆர்? ஜெகதீஸ்வரியோ? நானோ?

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல்கள் எல்லாம் இருக்கின்றன. கையுறை இல்லாவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

எண்ணெய் ஊற்றினாரே. என் கண்ணால் பார்த்தேனே. பிறகு ஏன்?

ஒக்டோபர் 7

மஜீட் வந்து வாளைப் பிரித்தார். தகட்டைத் துடைத்தார், குனிந்தார், ஊசியால் கிளறினார். கல்லு மாதிரி ஒரு உருண்டை விழுந்தது. மஞ்சளும் சிவப்பும்.

"யா அல்லாஹ்! முதலாளி, இதுட வாயிலயா பொட்டு வெச்சீங்க? எண்ணெய் எப்பிடிக் குடிக்கும்? யாரு செஞ்ச வேல இது?"

நான் யன்னலுக்குப் பின்னால். என் பெருவிரல் நகத்துக்குள் குங்குமம் இன்னும் போகவில்லை. இராமர் நிலத்தைப் பார்த்தான். ஜெகதீஸ்வரி வானத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைக்கிறேன், திறந்தால் இனி மகள் சாவகச்சேரி.

மருமகன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "நான்தான் வைச்சனான்."

"நீங்களா? அன்டைக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் ஒண்டையும் கேக்கேல்லை, மஜீட் நானா. படம் எடுத்துக்கொண்டு நிண்டனான். இன்னொருக்காச் சொல்லுங்கோ. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ, உள்ளுக்கும் கேக்கட்டும்."

மஜீட் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். ஒரு சொல்லும் மாறவில்லை. இந்த முறை மருமகன் கேட்டார்.

ஒக்டோபர் 8

அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்கும் ஒரு பதில் இருந்திருக்கும். இனி இந்த மனிசனில் நான் எப்படிக் கோபம் வைப்பது? என் கோபத்தைப் பறிக்க வேண்டுமென்றுதான் பழியை ஏற்றாரோ?

ஒக்டோபர் 12

அரியதரம் சுட்டேன். மெதுவாகத்தான் வந்தது. ஜெகதீஸ்வரியிடம் கொடுத்து அனுப்பினேன். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது.

"கல்லு" என்றதை அதற்காக அழிக்கிறேன் என்று இல்லை. அது தனி.

ஒக்டோபர் 28

புதுச் சங்கிலி, புது வயர். மருமகனின் கை ஆறி வருகிறது. வேட்டிக் கரையை அடுப்பில் போட்டேன்.

பின்னேரம் வேலை முடிந்ததும் மரக்காலையில் இருந்து சத்தம் வந்தது. தந்திக் கம்பம் வழியாக இல்லை, நேராக.

"மாமி, கழட்டியாச்சு! வாங்கோ!"

ஈர்க்கோடு போனேன். குனிந்து வாயைக் குத்திப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, அவரே முதல் குத்தியிருக்கிறார். இருந்தாலும் இன்னொருக்கால் குத்தினேன். என் விரல் சங்கிலிக்குப் பக்கத்தில் இருக்க, அவர் கழற்றிய வயரைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், நான் எழும்பும் வரைக்கும்.