மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம்

எதிர்வீட்டுக்காரர் இன்று காலை வேலைக்குக் கிளம்பியபோது அவர் காக்கிச் சட்டையிலிருந்து கிரீஸ் வாடை வந்தது. கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உன்னைப் பறிகொடுத்து மூன்று வருடமாகியும், அந்த வாடை வந்தால் நீதான் வருகிறாய் என்று மனசு திரும்பிப் பார்க்கிறது.

கல்யாணமான புதிதில், திருவொற்றியூரின் அந்த ஒற்றை அறை வீட்டில், உன் அம்மாவின் சாமி படங்களுக்கு முன்னால் ஜெபிக்க எனக்குக் கூச்சம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலிடுவேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாய்.

"பாத்ரூம்லயா சாமி கும்புடுற? இன்னா பொண்ணு நீ!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மாடிப்படிக்கு அடியில் நீ ஸ்பேனர்கள் போட்டு வைத்திருந்த பொந்தைக் காலி செய்தாய். மண்ணெண்ணெய் ஊற்றித் தரையைத் தேய்த்தாய். சுண்ணாம்பு அடித்தாய். என் பழைய புடவையைத் திரையாகக் கட்டினாய். உன் அம்மா முணுமுணுத்தபோது, "அதுக்கும் ஒரு எடம் வோணும்மா" என்றாய். என்னிடம், "இங்க யாரும் வரமாட்டாங்க. நானும்தான்" என்றாய். தெருவில் கன்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டே இருக்கும். திரைக்குள் நானும் கர்த்தரும் மட்டும். ஆறு வருடம் அந்தத் திரையை நீ தொட்டதில்லை.

பிறகு நம் குழந்தை, பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. நான் ஜெபிப்பதை நிறுத்தினேன். கர்த்தர்மேல் அவ்வளவு கோபம்.

ஒரு மத்தியானம் திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். விலக்கிப் பார்த்தேன். படிக்கட்டு இடிக்காமல் தலையைக் குனிந்து, கறுத்த கைகளை மடியில் வைத்து நீ உட்கார்ந்திருந்தாய்.

"இன்னா பண்ற?"

"எனுக்கு உங்க ஜெபம்லாம் தெர்யாது. நீ வர்றத வுட்டுட்ட. உன் எடம் காலியா கீதேன்னு குந்திகினு கீறேன்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தேவ சமுகத்தில் நிற்கிறோம் என்ற நடுக்கம் அன்றுதான் வந்தது. நெருக்கிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை போனதற்கு அன்றுதான் அழுதேன்.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் போதகர், "அவர் விசுவாசியா?" என்று கேட்டார். திரையை விலக்கி, நீ உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினேன்.

போன மாதம் மாடிவீட்டு அக்காவின் மகள் தவறிவிட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கிளம்பிய பிறகும் நான் இருந்தேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. அக்கா எழுந்து முகம் கழுவப் போகும்வரை பக்கத்தில் சும்மா குந்திக்கொண்டிருந்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது.