விருந்துக்குப் பதில் விருந்து

ஜூன் 4

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பிறகு படிக்கப்போகும் நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓடக்கோல் பிடித்த கைக்குப் பென்சில் ஈர்க்குச்சி மாதிரி நழுவுகிறது. இதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும். என் கை எழுதுகிறது.

ஜூன் 6

சஃபாரி விடுதியின் மேலாளன் ருடி வந்தான். விடுதி நிற்கும் ஊர் நிலத்தை அவர்களுக்கு மறுபடியும் குத்தகைக்கு விடுவதா என்று முடிவுசெய்ய அடுத்த மாதம் ஊர்க்கூட்டம். நம் பெண்கள் கூடை போட்டு மீன் பிடித்த வாய்க்காலை, விருந்தாளிகளின் கண்ணுக்கு உறுத்துகிறதென்று வேலி போட்டு அடைத்தவன் இவன்தான். கூட்டத்தில் என் பேச்சு எடுபடும் என்று தெரிந்து வந்திருக்கிறான்.

"பெரியவரே, ரெண்டு நாள் வந்து தங்குங்க. சும்மாதான்."

என் மனைவி கெபோனே, "போய் நல்லாத் தின்னுட்டு வா, தெபோ அப்பா" என்றாள். தெபோ எங்கள் மூத்தவன்.

ஜூன் 9, விடுதியில்

ஊரில் எல்லோரும் தகரக்கூரைக்கு ஆலாய்ப் பறக்கிறோம். இவர்கள் கடல் தாண்டி வந்து துணிக்கூடாரத்தில் படுக்கிறார்கள். குளியல்தொட்டி வெட்டவெளியில். நீர்யானை பார்க்க அம்மணமாகக் குளிக்க வேண்டுமாம். சாயங்காலம் ஓடத்தை நிறுத்தி, சூரியன் இறங்குவதைப் பார்த்துக் குடிக்கிறார்கள். குடிக்காவிட்டால் இறங்காதோ?

யானையைக் கண்டு ஒரு வெள்ளைக்காரி அழுதாள். நானும் யானையைப் பார்த்து அழுதிருக்கிறேன், என் சோளத்தைத் தின்றபோது.

சாப்பாடு பரிமாறுகிறவன் என் தங்கை மகன். மேசையில் "சார்" என்கிறான். அடுக்களைப் பக்கம் போனால், "மாமா, இன்னொரு துண்டு கறி வேணுமா?"

ஜூன் 10

இன்றும் வயிறு முட்டத் தின்றேன். அதுதான் எரிச்சல்.

ஜூன் 11, வீடு

பாதி வழியில்தான் உறைத்தது. ஒருவன் வீட்டுக் கறியைத் தின்றால், பதிலுக்கு அவனுக்குச் சோறு போடும்வரை சபையில் அவனை எதிர்த்துப் பேசக்கூடாது. இது எங்கள் வழக்கம். ருடி இங்கேயே நரைத்தவன், அவனுக்குத் தெரியாதா? என் வாயைக் கறியால் அடைத்துவிட்டானே— நான் என்ன மடையன்?

கெபோனே சிரித்தாள். "உன்னை அனுப்பினதே அதுக்குத்தான். அவன் போட்டா நம்மளும் போடணும்ல? கூப்பிடு அவனை."

ஜூலை 1

ருடி வந்தான். முக்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். கெபோனே தட்டின் ஒரு ஓரம் களி வைத்தாள், மறு ஓரம் பூசணிக்கீரை. நடுவில் மீனுக்கு இடம் விட்டாள். அவன் மரியாதை தெரிந்தவன், கை வைக்காமல் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

"சாப்பிடுங்க தம்பி. மீன் உங்க வாய்க்கால்ல இருக்கு. விருந்தாளிக்கு இப்பிடி வைக்க எனக்கும் வெக்கந்தான்" என்றாள் கெபோனே.

காது சிவக்க, மீனில்லாமல் களியையும் கீரையையும் தின்று முடித்தான். எனக்குத் தொண்டைவரை சிரிப்பு.

ஜூலை 8

கூட்டம். கூடாரம், தொட்டி, சூரியன் எல்லாவற்றையும் கிழித்துத் தொங்கவிடத் தயாராக எழுந்தேன். ருடி முந்திக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"வாய்க்காலைத் திறந்துடறேன். பெண்கள் எப்பவும்போல வரலாம்."

குத்தகை கொடுத்தார்கள். என் ஏச்செல்லாம் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

ஜூலை 20

கெபோனே கூடை நிறைய மீனோடு வந்தாள். அவள் கூடை போடுவதைப் பார்த்து யாரோ ஒரு வெள்ளைக்காரி அழுதாளாம். அழட்டும்.

பொரித்ததில் பெரிதாக இரண்டைச் சட்டியில் மூடி, தங்கை மகனிடம் ருடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

"அவனுக்கு எதுக்கு?" என்றேன்.

"அன்னைக்குத் தட்டுல விட்ட இடம்" என்றாள்.

கையெல்லாம் எண்ணெய், தாளில் ஒட்டுகிறது. அந்தக் கூடாரங்களைப் பற்றி ஏச்சு இன்னும் மிச்சமிருக்கிறது. அடுத்த வாரம் கை கழுவிவிட்டு எழுதுகிறேன்.