அப்பா ‘ஒரு தரப்பினர்’ ஆன செய்தி

அன்பு மகள் சூர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் கோபம் உட்பட. கோவையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பத்திரிகை ஆபீஸிலிருந்து ஹாஸ்டலுக்குத் தனியாகத்தான் வருகிறாயா என்ற கவலை எனக்கு ஓயவே ஓயாது. போன வாரமே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

நம் உப்பளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்தது யார் என்று அப்பாவும் பக்கத்துப் பாத்திக்காரர் சிவப்பிரகாசமும் மல்லுக்கட்டிய செய்தியை, நம் ஊர் நிருபர் திருமுருகன் ‘பாதிக்கப்பட்ட வேல்முருகன்’ என்று அப்பா பெயரைப் போட்டுத்தான் அனுப்பினானாம். உன் மேசைக்கு வந்ததும் நீ அதை அடித்துவிட்டு ‘ஒரு தரப்பினர்’ என்று போட்டாயாம், அவனே அப்பா காதில் மட்டும் போட்டுவிட்டான். பேப்பர் வந்த நாளிலிருந்து மரக்காணம் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பெயரே தரப்புதான். “இன்னா தரப்பு, டீ சொல்லட்டா?” என்கிறார்கள். வீட்டுக்கு வந்து உன் போட்டோவைப் பார்த்து, “பெத்த அப்பன் உனக்கு ஒரு தரப்பாடி?” என்று கேட்டார், பார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானும் பி.ஏ. படித்தவள்தான், என் கருத்தையும் கேட்டுக்கொள்: எழுதியது சரி, ஆனால் அப்பா விஷயம் என்றதும் அதை வேறு மேசைக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் சிவப்பிரகாசமும் கடுப்பில்தான் இருந்தார், அப்பன் மானத்தைக் காப்பாற்றப் பொண்ணு பெயரையே மறைத்துவிட்டாள் என்று. இரண்டு பேரும் டீக்கடையில் ஒரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தார்களாம். அந்த ஆத்திரத்தில் ‘பாதிக்கப்பட்ட’ என்பதை நீ எடுத்த கதையை அப்பாவே உளறிவிட, சிவப்பிரகாசம் அந்தப் பேப்பரைத் தட்டிக் காட்டி, “அப்பனுக்கே சாதகமா எழுதாத பொண்ணு வேற எவனுக்குப்பா எழுதப் போவுது? இனிமே இத்த நம்பலாம்” என்றாராம். திட்டி முடித்த கையோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வதென்று பேசி முடித்தும் விட்டார்கள். இப்போது அந்த வசனத்தைத் தன் சொந்தச் சரக்கு மாதிரி அப்பா அனுமந்தை வரைக்கும் போய்ச் சொல்கிறார், வீட்டுக்குள் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவர் எண்ணுக்கே கூப்பிடு. போனில் உன் பெயர் தெரிந்தும் “யாரு?” என்று கேட்பார். “உங்க பொண்ணுதாம்ப்பா” என்று மட்டும் சொல், விளக்கம் கொடுக்காதே.

நீ நோய் நொடியின்றி, பேனாவும் வயிறும் நிறைந்து நல்லா இருக்கணும்.

உன் அம்மா,
வைஜெயந்தி