பயத்தமாவு டப்பாவின் அடியில்

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த ஷகீலாவுக்கு,

உன் மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளை அவலூர்பேட்டை, செருப்புக் கடை வைத்திருக்கிறார். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். இதைச் சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன், அது ஆறுகிற வழியைக் காணோம்.

அடுப்படி மேல்தட்டில் உன் பயத்தமாவு டப்பா இன்னும் இருக்கிறது. உள்ளே இருப்பது உன் பக்குவத்தில் நான் அரைத்தது. பாசிப்பயறு, ஒரு பிடி பச்சரிசி, காய்ந்த ரோஜா இதழ், நிழலில் உலர்த்திய ஆரஞ்சுத் தோல். கிட்னி கெட்ட பிறகு உனக்கு உடம்பெல்லாம் அரிக்கும், சோப்புப் பட்டால் எரியும். அதற்காக நீயே பார்த்துப் பார்த்துச் சேர்த்த மாவு இது. தயிரில் குழைத்து உன் முதுகில் தேய்த்துவிடுவேன். "இப்பதான்க்கா இந்தத் தோலு என்னுதா இருக்குது" என்பாய். அழுக்குப் போகும், அரிப்பு அடங்கும். கறுப்பைச் சிவப்பாக்குகிற வித்தை எதுவும் அதில் இல்லை.

அந்த வித்தை வேறொரு டப்பாவில் இருந்தது. கல்யாணமான புதிதில் பஜாரில் வாங்கினாயே, பேரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் மஞ்சள் மூடி போட்ட க்ரீம். "ரெண்டு மாசம்தான்க்கா" என்றாய். முகம் பளபளவென்று ஆனதும் உன் மாமியார் உன்னை எல்லா வீட்டு விசேஷத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அதை நிறுத்த உனக்கு மனசு வரவில்லை. கால் வீங்கி விழுப்புரத்துக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டதே "மூஞ்சில என்னம்மா போடறீங்க?" என்றுதான். அதில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக இறங்கி கிட்னியைத் தின்றுவிட்டது என்றார். க்ரீமை நிறுத்தியதும் முகம் முன்னைவிடக் கறுத்தது. அதன்பின் உன்னை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லை, டயாலிசிஸுக்கு மட்டும் நான் கூட்டிப் போனேன்.

உன் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். இலந்தை இலை போட்ட தண்ணீர் தயாராக இருந்தது. யாரோ சோப்பை எடுத்தார்கள். "அவளுக்கு எரியும்" என்று தடுத்துவிட்டேன். இறந்தவளுக்கு எரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் மாவைக் கரைத்துத்தான் கடைசியாக உன்னைத் தேய்த்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டே, "பொண்ணு லட்சணம்தான், கலருதான் கொஞ்சம் கம்மி" என்றாள். நஸ்ரின் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்று நான்தான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் உன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் முகத்தில் பூசினாள். கொஞ்ச நாளில் முகம் வெளுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஷகீ. பக்கத்து வீட்டு நூர்ஜகான், "இன்னா அரைக்கிற நீ? எம்பொண்ணுக்கும் கொஞ்சம் குடேன்" என்றாள். என் தங்கச்சி கைப்பக்குவம் என்று அள்ளிக் கொடுத்தேன். நீ திரும்பி வந்து உன் மகளுக்குச் செய்கிறாய் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நூர்ஜகான் ஒருநாள் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "உங்க வீட்டுப் பொண்ணுக்கு மட்டும்தான் வேல செய்யுமா இந்த மாவு? எம்பொண்ணு அப்படியேதான் இருக்குது. எதையோ சேர்க்காம குடுத்துட்ட நீ."

எதைச் சேர்க்காமல் விட்டேன் என்று டப்பாவுக்குள் கை விட்டுத் துழாவினேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் அதே மஞ்சள் மூடி, அதே வாசனை. அதை எடுத்துக்கொண்டு நஸ்ரினிடம் போனேன்.

"யாருடி குடுத்தது?" என்று கேட்டேன்.

"அத்தாதான் வாங்கினு வந்தாரு."

ஊரில் எவன் கொடுத்திருந்தாலும் என் மனசு தாங்கியிருக்கும். அவளைப் பெற்றவர், உன் காலைப் பிடித்துவிட்ட மனிதர், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் உன் கபரில் போய் அழுகிறவர், அவர் வாங்கி வந்திருக்கிறார். கேட்டதற்கு, "நிக்காஹ் வரைக்கும்தான்க்கா. அப்புறம் நிறுத்திட சொல்லிட்டேன். கல்யாணம் நின்னுபோச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று அழுதார். அழுகிறவரை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன்.

நஸ்ரின் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா வருஷக்கணக்கா போட்டுச்சு பெரியம்மா. நான் அவ்ளோ நாள் போட மாட்டேன்." உன் சாவிலிருந்து உன் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதானா?

மறுநாளே விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாம் உட்கார்ந்த அதே பெஞ்சுதான் கிடைத்தது. சிறுநீரில் புரதம் போகிறதாம். "இப்பவே நிறுத்தினா சரியாக வாய்ப்பு இருக்குது. அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்" என்றார் டாக்டர். வாய்ப்பு என்றுதான் சொன்னார். சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை வருமா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

முகம் இப்போது திட்டுத்திட்டாகக் கறுத்து வருகிறது. கண்ணாடி மேல் துண்டைப் போட்டு வைத்திருக்கிறாள். "நீ ஒண்ணும் என் அம்மா இல்ல" என்று நேற்று சொல்லிவிட்டாள். உனக்கும் இப்படித்தானே சுருக்கென்று வரும். வலித்தது, ஆனாலும் மாவைக் குழைத்து அவள் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் கழித்து எடுத்துப் பூசிக்கொண்டாள்.

அவலூர்பேட்டைக்கு நானே போன் செய்தேன். பெண் முகத்தில் க்ரீம் போட்டிருந்தோம், நிறுத்திவிட்டோம், மறுபடி கறுக்கிறது, உடம்புக்கும் பரிசோதனை நடக்கிறது, பகல் வெளிச்சத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "கேட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கல்யாணம் நின்றால் ஊர் என்னைத்தான் ஏசும். ஏசட்டும். நஸ்ரினும் ஏசுவாள், அதையும் கேட்டுக்கொள்கிறேன். ஏசுவதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

உனக்கு ஒரு சொல் கொடுக்கிறேன், ஷகீ. இனி என் கையால் குழைக்கிற மாவு உன் மகளின் உயிருள்ள தோலுக்கு மட்டும்தான். இலந்தை இலைத் தண்ணீரில் ஒருத்தியைக் குளிப்பாட்டிவிட்டேன். இன்னொருத்தியைக் குளிப்பாட்ட மாட்டேன்.

நீ விட்டுப்போன பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்
உன் அக்கா